ஓஹேர், டெல்லி, ஹனேடா: சிமுலேட்டரில் முதல் பனிப் பயணத்துக்கு எது?

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று மாலையே சித்தி மகன் போன் செய்துவிட்டான். “அண்ணா, இந்த லீவுல ஸ்னோல ஒரு ஃப்ளைட் ஓட்டணும். பெரிய ஏர்போர்ட்ல கிளம்பி இன்னொரு பெரிய ஏர்போர்ட்ல இறங்கணும். எங்கிருந்து எங்க போகட்டும்?”

ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் சென்னை–பெங்களூரு, சென்னை–மதுரை என்று ஏ320 விமானத்தை ஓட்டிப் பழகியவன். ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோக் கற்றையான ஐஎல்எஸ்ஸைப் பிடித்து இறங்கத் தெரியும். வெயிலையும் மழையையும் பார்த்தாகிவிட்டது. பனியைப் பார்த்ததில்லை, சிமுலேட்டரிலும் சரி, நேரிலும் சரி. நேரில் நானும் பார்த்ததில்லை. ஆனால் நாலு குளிர்காலமாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி விழும் ஊர்களைத் தவிர வேறெங்கும் நான் ஓட்டுவதில்லை.

அவனுக்கு மூன்று வழித்தடங்களைச் சொன்னேன். சிகாகோ ஓஹேரிலிருந்து நியூயார்க் லாகார்டியா. மும்பையிலிருந்து டெல்லி. டோக்கியோ ஹனேடாவிலிருந்து சப்போரோவுக்குப் பக்கத்திலுள்ள நியூ சித்தோசே. மூன்றுமே நெரிசலுக்குப் பேர்போனவை, மூன்றையும் பலமுறை ஓட்டியிருக்கிறேன். முதல் தடவைக்கு எது என்றால் என் பதில் ஹனேடா–சித்தோசே. ஆனால் லாகார்டியாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதில் விளங்காது. எல்லோரும் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான்.

நமக்கு எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது பனி, டெல்லியில் ஓடுபாதையை மறைப்பது பனி, சிகாகோவில் இறக்கையில் ஒட்டுவதும் பனி. ஓட்டுகிறவனுக்கு இவை வேறு வேறு தொல்லைகள். ஒன்று கண்ணை மறைக்கும், இறக்கையைத் தொடாது. இன்னொன்று இறக்கையின் வடிவத்தையே மாற்றிவிடும். மற்றொன்று ஓடுபாதையில் படுத்துக்கொண்டு சக்கரத்துக்காகக் காத்திருக்கும். எந்தத் தடம் நல்லது என்று கேட்பதைவிட, முதலில் எந்தப் பனியைப் பழகப்போகிறோம் என்று கேட்டால் முடிவு எளிதாகிவிடும்.

ஓஹேர்–லாகார்டியா இந்த மூன்றையும் ஒரே நாளில் தரும் தடம். சுமார் 1,180 கிலோமீட்டர். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் தரைவேகம் 500 நாட், அதாவது மணிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல், தாண்டிப் போகும். ஒன்றரை மணி நேரத்தில் நியூயார்க் வந்து நிற்கும்.

வேலை கேட்டிலேயே தொடங்கிவிடும். மைனஸ் 10 டிகிரி, பனி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் டி-ஐசிங் செய்யாமல் நகரக் கூடாது. முதலில் ஆரஞ்சு நிறத் திரவம், டைப்-1. சூடாக அடித்து, ஒட்டியிருப்பதைக் கரைத்து இறக்குவதற்கு. பிறகு பச்சை நிற டைப்-4. கெட்டியாக இறக்கை மேல் தங்கி, புதிதாக விழுவதை ஒட்டவிடாமல் தடுப்பதற்கு. அந்தக் கடைசித் திரவத்தை அடிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து ஒரு கெடு ஓடுகிறது. லேசான பனியில் அது தாராளமாக இருக்கும், கொட்டும் பனியில் சுருங்கிவிடும். ஓஹேரிலோ எட்டு ஓடுபாதைகள், அவற்றில் ஆறு கிழக்கு மேற்காக ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. கேட்டிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதே இருபது நிமிடம் ஆகலாம். வரிசையில் நிற்கும்போது கெடு முடிந்தால் திரும்பிப்போய் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். சிமுலேட்டரில் யாரும் கேட்கப்போவதில்லை என்று கிளம்பிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்வதில்லை. 1992 மார்ச் 22 இரவு லாகார்டியாவிலிருந்து கிளம்பிய ஃபோக்கர் எஃப்28 விமானம் இரண்டு முறை டி-ஐசிங் செய்துகொண்டதுதான். இரண்டாவது முறைக்குப் பிறகு சுமார் 35 நிமிடம் வரிசையில் காத்திருந்துவிட்டு ஓடியது. இறக்கையில் மீண்டும் பனி சேர்ந்திருந்தது. 27 பேர் இறந்தார்கள்.

ஊரும்போது இன்னொன்றும் உண்டு. வெளியே 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே, கூடவே மழையோ மூட்டமோ பனியோ இருந்தால், என்ஜின் வாயில் பனிக்கட்டி சேராமல் சூடாக்கும் என்ஜின் ஆன்டி-ஐஸ் போட்டிருக்க வேண்டும். ஏ320-க்கும் 737-க்கும் இதே விதிதான். சென்னைக்காரனுக்கு இது மறந்துபோகிற சுவிட்ச், ஏனென்றால் நம் ஊரில் தரையில் அதைத் தொடவே தேவை வராது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஒரு 737-200 அதைப் போடாமல் கிளம்பியது. உந்துவிசையை அளக்கும் குழாயில் பனிக்கட்டி அடைத்து, இல்லாத விசையை இருப்பதாக மீட்டர் காட்டியது. விமானம் பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இறந்த 78 பேரில் 4 பேர் பாலத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தச் சுவிட்சை நான் ஒருநாளும் சடங்காக நினைத்துப் போட்டதில்லை.

இத்தனையும் முடித்துக் களைத்துப்போய் லாகார்டியா வந்தால் அங்கே காத்திருப்பது ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஓடுபாதைகள். ஒவ்வொன்றும் சுமார் 7,000 அடி, அதாவது 2,134 மீட்டர். ஓடுபாதையின் ஒரு பகுதி தண்ணீருக்கு மேலே தூண்களில் நிற்கிறது. வடகிழக்குப் புயல் பனி கொட்டும் நாளில் காற்றும் வடகிழக்கிலிருந்து வரும், 4-ஆம் எண் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் கிடைக்கும் (4, 13, 31 எல்லாம் ஓடுபாதை பார்க்கும் திசையைச் சொல்லும் எண்கள், வரிசை எண்கள் அல்ல). புயல் கடந்த மறுநாள் கதை மாறும். வானம் கண்ணாடி போல இருக்கும், வடமேற்குக் காற்று உதறும். அப்போது 31-க்கு எக்ஸ்பிரஸ்வே விஷுவல் என்ற வழி. லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயைப் பார்த்துக்கொண்டே வந்து, சிட்டி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தைச் சுற்றித் தாழ்வாக இடப்பக்கம் திரும்பி, நேராவதற்கும் தரையைத் தொடுவதற்கும் இடையில் சில நொடிகளே மிஞ்சும். கையால் ஓட்டத் தெரிந்தவனுக்கு அதைவிட இன்பமான இறக்கம் அமெரிக்காவில் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் முதன்முதலில் ஓட்டிய பனிப் பயணமே இதுதான். ஓஹேரில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். லாகார்டியாவில் 4-ஆம் ஓடுபாதையில் இறங்கும்போது ஐந்து நாட் வேகம் கூடுதல். மென்மையாக இறங்கும் ஆசையில் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி மிதந்தேன். ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் சக்கரம் பட்டது. தரையைத் தொட்டதும் இறக்கை மேல் எழும்பி நிற்க உதவும் தகடுகளான ஸ்பாய்லரை ஆர்ம் செய்திருக்கவில்லை, அதாவது தயார் நிலையில் வைத்திருக்கவில்லை. பிரேக்கை அழுத்தினால் முன்னே தெரிந்த சிவப்பு விளக்கு வரிசை நெருங்கிக்கொண்டே வந்ததே தவிர வேகம் குறையவில்லை. விளக்குகளுக்கு அப்பால் கறுப்பாக இருந்தது தண்ணீர். திரை உறைந்து ‘விபத்து’ என்று எழுத்து வந்தபோது என் உள்ளங்கை உண்மையிலேயே ஈரமாக இருந்தது. 2015 மார்ச் 5 அன்று இதே நிலையத்தின் 13-ஆம் ஓடுபாதையில் பனிக்கிடையே இறங்கிய எம்டி-88 வழுக்கிப்போய், கரைமேட்டைத் தாண்டி ஃப்ளஷிங் விரிகுடாவை நோக்கி மூக்கை நீட்டியபடி நின்றதை அதற்கு மறுநாள்தான் படித்தேன். உயிர்ச்சேதம் இல்லை.

அந்தத் தோல்வியில் நான் கற்றது குறைவு. ஏன் நிற்கவில்லை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேகமா, மிதந்ததா, ஸ்பாய்லரா, பனியா? எல்லாமே ஒரே நேரத்தில் புதிதாக இருந்தால் எது எங்கே போயிற்று என்று பார்க்க முடியாது. அதனால்தான் இந்தத் தடத்தைத் தம்பிக்கு முதல் தடவை வேண்டாம் என்கிறேன்.

டெல்லியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் அங்கே மூடுபனி கவியும். காற்று அசையாது, வெளிச்சம் பரவினாலும் பக்கத்துக் கட்டடம் தெரியாது. மும்பையில் இதமான காலையில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் வெள்ளைச் சுவருக்குள் நுழைவோம். இங்கே கற்பது ஒரே ஒரு வித்தை: கேட்-3 (கேட்டகிரி 3) ஆட்டோலேண்ட். சாதாரண ஐஎல்எஸ்ஸுக்கு ஓடுபாதையில் 550 மீட்டர் பார்வை வேண்டும். கேட்-3பி இருந்தால் 50 மீட்டரிலேயே இறங்கலாம். இறங்குவது நாமல்ல, விமானம். இரண்டு ஆட்டோபைலட்டையும் இணைத்துவிட்டு, அது சரியாகச் செய்கிறதா என்று காவல் காப்பதுதான் நம் வேலை. தரையைத் தொட்ட பிறகே மையக்கோட்டு விளக்குகள் இரண்டோ மூன்றோ கண்ணில் படும்.

டெல்லியில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. 50 மீட்டரில் இறங்க முடிகிற விமானம் மேலெழும்ப 125 மீட்டர் பார்வை தேவை. கோளாறு வந்து பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் நேராக ஓடி நிற்க விமானி கண்ணால் பார்க்க வேண்டுமே. அதனால் அடர்ந்த மூட்டத்தில் வருகிறவை வந்துகொண்டிருக்கும், போக வேண்டியவை நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். டெல்லியில் பத்து மணி நேரம் காத்திருந்தவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அந்த முடிச்சு எப்படி விழுகிறது என்று இந்தத் தடத்தை ஓட்டினால் தெரியும்.

ஆனால் இது ஸ்னோ இல்லை. தம்பி கேட்டது வெள்ளை வெளேரென்ற ஊர். டெல்லியில் அவன் பார்க்கப்போவது சாம்பல் நிறத் திரைதான். ஒரு மழைநாளில் உட்கார்ந்து ஆட்டோலேண்ட் பழக இது போதும், லீவின் பெரிய பயணமாக இருக்க முடியாது.

இனி ஹனேடா. சுமார் 820 கிலோமீட்டர், வானில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உலகிலேயே அதிக இருக்கைகள் ஓடும் உள்நாட்டுத் தடங்களில் இது முன்வரிசை. குளிர்காலத்தில் டோக்கியோ காய்ந்து தெளிந்திருக்கும். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சி, மலைகளுக்கு மேற்குப் பக்கத்திலும், சப்போரோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவிலும் பனியாகக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு டோக்கியோவுக்கு வரும். அதனால் ஹனேடாவில் பெரும்பாலான நாட்களில் டி-ஐசிங் கிடையாது, கெடு கிடையாது. பழகியபடியே கிளம்பலாம். வடக்குக் காற்று நாளில் வடக்கே போகும் விமானங்களுக்கு 34 வலது ஓடுபாதை. எழும்பியதும் வலப்பக்கம் டோக்கியோ விரிகுடா, இடப்பக்கம் நகரம் முடியும் இடத்தில் ஃபுஜி மலை வெள்ளைத் தொப்பியோடு.

பனிக்காலம் இந்தத் தடத்தில் படிப்படியாக வருகிறது. செண்டாய் தாண்டியதும் இடப்பக்கத்து மலைத்தொடர் வெளுக்கத் தொடங்கும். டோக்கியோ இருக்கும் ஹொன்ஷு தீவின் வடமுனையில் தரை முழுக்க வெள்ளை. கடலைத் தாண்டி இறங்கும்போதுதான் முதன்முறையாக மேகத்துக்குள் நுழைகிறோம். அப்போது என்ஜின் ஆன்டி-ஐஸ். போட்டதும் திரையோரத்தில் பச்சை எழுத்து வரும். அதோடு என்ஜினின் ஐடில் வேகம், அதாவது விசையை முழுதாகக் குறைத்தபோதும் அது சுற்றும் வேகம், கூடும், விமானம் இறங்கத் தயங்கும். இதை எதிர்பார்த்து இறக்கத்தைச் சில மைல் முன்பே தொடங்க வேண்டும். தரமான ஏ320 மாதிரிகளில் இரண்டு முன்கண்ணாடிகளுக்கும் நடுவே வெளியே ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கையை இருக்கையிலிருந்து பார்க்க முடியாது, அதற்குப் பதில் அந்தக் குச்சியைப் பார்க்க வேண்டும். மேகத்துக்குள் முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு அதன் முன்முனையில் உப்புப் பூத்தது போல ஒரு வெண்மை ஒட்டும். இறக்கை ஆன்டி-ஐஸைப் போடு என்று அது சொல்கிறது. நாலு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

நியூ சித்தோசேயில் இணையாக இரண்டு ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் 3,000 மீட்டர். லாகார்டியாவைவிட எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் கூடுதல். நான் செய்த அதே தவறுகளைத் தம்பி செய்தாலும் நிற்க இடம் இருக்கும். நின்ற இடத்தைப் பார்த்து, எவ்வளவு வீணாக்கினோம் என்று அளந்துகொள்ளலாம். வடக்குக் காற்றில் தோமகோமை துறைமுகத்தின் மேலாகத் தெற்கிலிருந்து நேராக உள்ளே போகலாம், வளைந்து திரும்பும் வித்தை எதுவும் தேவையில்லை. கவனம் முழுவதையும் சக்கரத்துக்குக் கொடுக்கலாம்.

அந்தக் கவனத்துக்கு ஓர் அளவுகோலும் உண்டு. 2021 நவம்பர் 4 முதல் உலகமெங்கும் ஓடுபாதையின் நிலையை 6 முதல் 0 வரை எண்ணால் சொல்கிறார்கள். 6 என்றால் காய்ந்தது. 3 மில்லிமீட்டருக்கு மேல் பனி கிடந்தால் 3. வெறும் பனிக்கட்டி 1, நனைந்த பனிக்கட்டி 0. எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டரில் ஓடுபாதை நிலையை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதே விமானம், அதே எடை, அதே வேகம் வைத்து ஒருமுறை காய்ந்த ஓடுபாதையில் இறங்கு, அடுத்து பனியில் இறங்கு, நிற்கும் தூரத்தைக் குறித்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் அழகுக்கு நான் அடிமை. ஆனால் இந்தப் பாடத்துக்கு எக்ஸ்-பிளேன் பக்கம்தான் சாய்வேன்.

குளிரில் இன்னொரு விஷயம்: உயரமானி பொய் சொல்லும். மைனஸ் 10 டிகிரியில் நிலையத்துக்கு மேலே 2,000 அடி என்று காட்டினால் உண்மையில் 1,800 அடியில்தான் இருப்போம். ஐஎல்எஸ் சரிவுக் கற்றை வெப்பநிலையைப் பார்த்து மாறுவதில்லை. அதனால் வழக்கமான இடத்தில் கற்றை வரவில்லையே என்று பதற வேண்டாம், கொஞ்சம் தள்ளி வரும். “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் ஊர்ப் பனிக்கே சொல்லி வைத்தார்கள். ஹொக்கைடோவின் மாசி உயரமானியையும் சேர்த்துத் துளைக்கும்.

தரைக்கு வந்த பிறகும் பனி விடாது. 2024 ஜனவரி 16 அன்று சித்தோசேயில் கேட்டிலிருந்து பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த விமானம், இழுவை வண்டி பனியில் வழுக்கியதால், பக்கத்தில் நின்ற விமானத்தில் உரசியது. தரையில் ஊரும்போது பத்து நாட் வேகத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது, திருப்பத்தில் இன்னும் மெதுவாக.

இந்தத் தடத்தில் திரும்பி வரும்போது நான் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவேன். 2024 ஜனவரி 2 அன்று சித்தோசேயிலிருந்து வந்த ஏ350, ஹனேடாவின் 34 வலது ஓடுபாதையில் இறங்கும்போது அங்கே நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து வெளியேறிவிட்டார்கள். நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகவிருந்த காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஓடுபாதையில் இரவில் இறங்கும்போதெல்லாம், முன்னால் ஏதாவது நிற்கிறதா என்று கடைசிவரை தேடுகிறேன். சிமுலேட்டர்தானே என்று கண்ணை எடுக்க மனம் வருவதில்லை.

கம்ப்யூட்டர் விஷயமும் முடிவை மாற்றும். தம்பியிடம் இருப்பது நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்டு. நியூயார்க், டோக்கியோ இரண்டும் கட்டடங்கள் நெருங்கிய நகரங்கள், இரண்டிலும் காட்சி திக்கித் திக்கி ஓடும். ஹனேடாவில் அந்தத் திக்கல் கிளம்பும்போது வரும், பொறுத்துக்கொள்ளலாம். லாகார்டியாவில் இறங்கும் கடைசி 500 அடியில் வரும், அந்த நேரத்தில் அரை நொடி உறைந்தாலும் இறக்கம் கெட்டுவிடும். சித்தோசேயைச் சுற்றி வயலும் காடும்தான், அதனால் படம் வழுக்கிக்கொண்டு போகும்.

நேரடி வானிலையோடு ஓட்ட விரும்பினால் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு இரவு எட்டு மணி என்றால் சிகாகோவில் காலை எட்டரை. வேலை முடித்து வந்து ஓட்டுகிறவர்களுக்கு அமெரிக்கா வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். டெல்லி மூட்டமோ விடிகாலைச் சங்கதி, இரவு எட்டுக்கு நேரடி வானிலையில் போய்த் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. லீவு நாள் காலை தம்பிக்கு அதுதான் பொருத்தம். டிசம்பரில் சப்போரோ பக்கம் மாலை நாலு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். நம் நேரம் பதினொன்றுக்கு ஹனேடாவில் கிளம்பினால், பனி நீலமாக மாறும் அந்தி வேளையில் சித்தோசே வரும்.

விமானம் ஏ320-ஆ, 737-800-ஆ என்றும் கேட்டான். தெரிந்ததையே எடு என்றேன். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஃப்ளைபைவயர் ஏ320 இலவசம், எக்ஸ்-பிளேனுக்கு சிபோ 737 இலவசம், இரண்டும் காசு கொடுத்து வாங்கியவற்றுக்கு இளைத்தவை அல்ல. புது ஊர், புது வானிலை, புது விமானம் மூன்றையும் ஒன்றாக ஏற்றக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். ஆட்டோபிரேக் மீடியம். ஸ்பாய்லர் ஆர்ம் செய்ததை வாய்விட்டுச் சொல். மென்மையாக இறங்க ஆசைப்படாதே, தொடும் இடத்தில் அழுத்தமாகத் தொடு, உடனே என்ஜின் விசையை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸ். சித்தோசே மூடிவிட்டால் ஹொக்கைடோவின் இன்னொரு விமான நிலையமான ஹகோடாட்டே போக எரிபொருள், அதற்கு மேல் அரை மணி நேரத்துக்குச் சேர்த்துப் போடு. ஓடுபாதை தெரியவில்லையா, மேலே போய்விடு. இறங்கி நின்றதும் எனக்கு போன் செய்யாதே. முதலில் பயணிகள் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பி, என்ஜின் அணைந்த பிறகு இறக்கை மேல் பனி விழுவதைக் கொஞ்ச நேரம் பார்.